கோபுரப்பள்ளியின் இரண்டு கயிறுகள்

நான் கோபுரம் ஏறியதற்கு ஆன்மிகக் காரணம் எதுவும் கிடையாது. என் தம்பி மகன் வெளிநாட்டு நகரம் ஒன்றின் தேவாலயக் கோபுரத்தில் நின்று படம் எடுத்து அனுப்பி, "இதெல்லாம் உங்கள் ஊரில் உண்டா அத்தை?" என்று கேட்டிருந்தான். பாறசாலையில் அவன் படித்த பள்ளிக்கூடத்திலிருந்து சுமார் பத்துக் கிலோமீட்டரில் அப்படி ஒன்று இருக்கிறது. நெய்யாற்றின்கரை நகருக்குள் மிஷன் காலத்துச் சபை ஒன்று தன் மணிக்கோபுரத்தைச் சனிக்கிழமைகளில் பார்வையாளர்களுக்குத் திறந்துவிட்டிருக்கிறது. அவனுக்கு அது தெரியாது. எனக்கும் தெரியாது; மீன் வாங்கும் இடத்தில் கேள்விப்பட்டேன். கேள்விப்பட்ட பிறகும் போகாமல் இருந்தால் அவன் வென்றதாகிவிடும். ஆகவே ஜனவரி மாதத்து இரண்டாம் சனிக்கிழமை புறப்பட்டேன். வானம் தெளிந்திருக்கும் மாதம் அது. ஜூனில் போகிறவர்கள் குடையைத்தான் பார்க்க நேரும்.

எனக்கு வயது எழுபத்து மூன்று. இடது முழங்காலில் அறுவை நடந்திருக்கிறது. காதுக்குக் கருவி உண்டு. அனுதாபம் வேண்டி இவற்றைச் சொல்லவில்லை. என் வயதொத்த வாசகர்கள் தங்கள் உடலோடு ஒப்பிட்டு முடிவெடுக்க வேண்டும். மேலும், அன்று நடந்த பெரும்பிழைக்கு இந்த முழங்காலும் இந்தக் காதும் சமபங்கு வகித்தன.

காலை 9.10க்குப் பாறசாலையில் பேருந்து கிடைத்தது. கட்டணம் பதினெட்டு ரூபாய். உதியன்குளங்கரை, அமரவிளை வழியாக நெடுஞ்சாலையோடு போய், நெய்யாற்றைக் கடந்ததும் நகரம் தொடங்கிவிடுகிறது. ரயிலும் உண்டு, விலையும் குறைவு. ஆனால் நிலையத்திலிருந்து நகருக்குள் வருவதற்கு ஆட்டோவுக்குக் கொடுக்கும் பணம் அந்த லாபத்தை விழுங்கிவிடும். நடத்துநர் என்னிடம் தமிழிலும், பின்னிருக்கைக்காரரிடம் மலையாளத்திலும், சில்லறை இல்லை என்ற ஒரே செய்தியைச் சொன்னார். 9.45க்கு இறங்கி, பன்னிரண்டு ரூபாய்க்கு ஒரு தேநீர் குடித்தேன். சர்க்கரை அதிகம்.

பேருந்து நிலையத்திலிருந்து ஆலயம் ஒன்றேகால் கிலோமீட்டர். நடக்கலாம்; நான் முழங்காலைப் படிகளுக்காகச் சேமித்து வைத்து ஆட்டோ ஏறினேன். முப்பது ரூபாய். ஆலயத்தின் பெயரை எழுத வேண்டாம் என்று நிர்வாகத்தார் கேட்டுக்கொண்டதால் எழுதவில்லை. தேவாலயத்தை இங்கே பள்ளி என்பார்கள்; "கோபுரப்பள்ளி" என்றால் எந்த ஆட்டோக்காரருக்கும் தெரியும்.

"பிரார்த்தனைக்கா அம்மா, ஏறவா?" என்று கேட்டார் ஓட்டுநர்.

"ஏற."

கண்ணாடி வழியாக என்னை ஒருமுறை அளந்தார். "படி தொண்ணூத்தி மூணு உண்டு, கேட்டியளா? எனக்க மாமியாரு முப்பதில இருந்துட்டா. பின்ன ரெண்டு பேரு தூக்கிட்டாக்கும் எறக்கினோம்."

"மாமியாருக்கு எடை எவ்வளவு?"

"அத வெளிய சொன்னா எனக்கு வீட்டில சோறு கிட்டாது" என்றார்.

ஆலயம் செம்பாறையும் சுண்ணாம்பும் கொண்டு கட்டப்பட்டது. நூறாண்டுகளைத் தாராளமாகக் கடந்தது. முகப்பில் அண்மைக் காலத்தில் யாரோ ஒட்டவைத்த கான்கிரீட் போர்டிகோவையும் அதன் பளபளக்கும் இளஞ்சிவப்பு வண்ணத்தையும் கண்களால் கடந்துவிட்டால், மற்றவை எல்லாம் அழகு. உள்ளே ஆண்களுக்கு ஒரு பக்கம், பெண்களுக்கு ஒரு பக்கம் என்று நீண்ட பலகை இருக்கைகள். சுவரில் பதித்த நினைவுக் கற்களில் பழையவை தமிழிலும் ஆங்கிலத்திலும் இருக்கின்றன, புதியவை மலையாளத்தில். இந்தத் தமிழக-கேரள எல்லை மக்களின் வாய்க்குள் எப்போது நுழைந்தது என்று அறிய விரும்புவோர் அந்தச் சுவரை வரிசையாக வாசிக்கலாம். கோபுரத்து மணி கப்பலில் பூவாறு வரை வந்து, அங்கிருந்து மாட்டுவண்டியில் வந்தது என்று எல்லோரும் சொல்கிறார்கள். எழுத்தில் ஒருவரும் காட்டவில்லை. கதையாகக் கேட்டுக்கொள்ளலாம்.

கோபுரத்தின் அடியில் ஒரு மேசை, ஒரு நெகிழி நாற்காலி. அதில் இருந்தவர் ஷீபா. வயது நாற்பதை ஒட்டி இருக்கும். நுழைவுச்சீட்டு இருபது ரூபாய். அவருக்குப் பின்னால் விதிப்பலகை: ஒரே நேரத்தில் எட்டுப் பேருக்கு மேல் ஏறக்கூடாது, அறுபத்தைந்து வயது கடந்தோர் துணையின்றி ஏறக்கூடாது, மணிக்கயிற்றைத் தொடக்கூடாது. மூன்று விதிகளையும் நிதானமாகப் படித்தேன். கல்லூரியில் முப்பது ஆண்டுகள் வேதியியல் ஆய்வகத்தில் இதே போன்ற பலகைகளை எழுதி மாட்டியவள் நான்.

"டீச்சரு தனியா வந்ததாக்கும்?" என்று கேட்டார் ஷீபா. நான் ஆசிரியை என்பது எப்படியோ எல்லோருக்கும் தெரிந்துவிடுகிறது. "அப்ப நான் கூட வாறேன்."

"கீழே வேறு யாராவது வந்தால்?"

"ஆரு வருவா? காலத்தேந்து நீங்க ரெண்டாமத்தெ ஆளாக்கும்." சிரித்துக்கொண்டே சொன்னாலும் அது சிரிக்கும் விஷயமாக இல்லை. கோபுரத்தைத் திறந்தது மூன்று மாதச் சோதனைக்கு. அன்றைய சனிக்கிழமை அதன் கடைசி நாள். மறுநாள் ஆராதனை முடிந்து சபைக் குழு கூடித் தொடர்வதா அடைப்பதா என்று முடிவெடுக்கும். செயலாளர் தாசய்யனுக்குத் தொடக்கத்திலிருந்தே விருப்பமில்லை. கோபுரம் மக்களைக் கோயிலுக்குக் கூப்பிடுவதற்கு, அடுத்தவன் வீட்டு முற்றத்தை எட்டிப் பார்ப்பதற்கு அல்ல என்பது அவர் வாதம்.

"நாளைக்கு அடச்சா சனியாழ்ச்சயும் நான் துணிக்கடையில நிக்கணும்" என்றார் ஷீபா. "பதினோரு வருஷம் நின்னாச்சு டீச்சரே. அங்க இருக்கப்பிடாது. இங்க கசேரி உண்டு" என்று நாற்காலியைத் தட்டினார். "மேல ஏறினா கடலும் உண்டு."

அவர் கையில் ஒரு நோட்டுப் புத்தகம் இருந்தது. யாரும் கேட்காமலே, மேலிருந்து தெரியும் நான்கு திசைகளையும் பென்சிலால் வரைந்து, ஒவ்வொரு கட்டடத்துக்கும் எண் போட்டிருந்தார். என் மாணவிகள் பலர் தேர்வுக்குக்கூட இவ்வளவு சுத்தமாகப் படம் வரைந்ததில்லை.

முதல் எழுபத்தாறு படிகள் கல்லால் ஆனவை, சுழன்று ஏறுகின்றன. இடப்பக்கம் இரும்புக் கைப்பிடி உறுதியாக இருக்கிறது. மூன்று இடங்களில் நின்று, பதினான்கு நிமிடங்களில் மணியடிக்கும் தளத்தை அடைந்தேன். கூரையில் உள்ள துளை வழியாக முறுக்கேறிய தேங்காய்நார்க் கயிறு ஒன்று தொங்குகிறது. மணியின் நாக்கில் கட்டிய கயிறு அது. இலேசாக இழுத்தால் போதும். கப்பியார், அதாவது மணியடிப்பதற்கென்று சபை வைத்திருக்கும் முதியவர், மாலையில்தான் வருவார். அவரைத் தவிர யாரும், குறிப்பாகப் பெண்கள், அதைத் தொடுவதில்லை என்றார் ஷீபா.

மணியடிக்கும் முறையையும் விளக்கினார். ஆராதனைக்கு வேகமாக இரண்டிரண்டாக அடிப்பது. சபையில் யாரேனும் இறந்தால் ஒற்றை ஒற்றையாக, நிறுத்தி நிறுத்தி, வயதுக்கு ஒன்று. எண்ணி முடிந்ததும் ஓர் இடைவெளி. பிறகு, பெண் என்றால் இரண்டு, ஆண் என்றால் மூன்று.

"ரெண்டா மூணாண்ணு கேக்கும் வரை ரோட்டில ஒருத்தரும் அனங்கமாட்டாங்க. இந்துக்களும் நிப்பாங்க, முஸ்லிம்களும் நிப்பாங்க. எல்லாருக்கும் கணக்கு தெரியும்."

மேலே பார்வை மாடத்துக்கு இன்னும் பதினேழு படிகள். இவை மரத்தாலானவை, செங்குத்தானவை, இரும்புப்பிடி கிடையாது. மாடத்துக் காற்று உள்ளே புகுந்து என் காதுக்கருவியில் ஊளையிட்டதால், அதைக் கழற்றிப் பையில் போட்டேன். முதல் பிழை அது. "கயிறப் பிடிச்சு ஏறுங்கோ" என்று ஷீபா சொன்னது அதற்கு முன் கடைசியாகக் கேட்டது. வலப்பக்கம் பார்வையாளர்களுக்காகக் கட்டிய நீல நைலான் கயிறு இருந்தது. இடப்பக்கம் அந்த நார்க்கயிறு. அறுவை நடந்தது இடது முழங்காலில். இடது கைக்குத்தான் பிடி தேவைப்பட்டது. இரண்டையும் பிடித்தேன். ஷீபா நான் விழுந்தால் தாங்குவதற்காகப் பின்னால் இரண்டு படி கீழே வந்துகொண்டிருந்தார்.

முதல் படியில் கால் வைத்தபோது மேலே மணி அடித்தது. கைக்கடிகாரத்தைப் பார்த்தேன், பதினொன்று ஆக இரண்டு நிமிடம். கோபுரம் என்றால் கடிகாரம் இருக்கும், மணி பதினொன்று ஆகிறது என்று எண்ணிக்கொண்டேன். ஆதாரமில்லாமல் முடிவுக்கு வருபவர்களை ஆயுள் முழுதும் கண்டித்தவள், அன்று அதையே செய்தேன். ஒவ்வொரு படியிலும் கயிற்றை இழுத்து ஏறினேன், விட்டுவிட்டு மேலே பிடித்தேன், மீண்டும் இழுத்தேன். பதினொன்று அடித்தது. பன்னிரண்டு அடித்தபோது கடிகாரம் பழுது என்று நினைத்தேன். பதின்மூன்றில், அதைச் சரிசெய்ய இந்த ஊரில் ஆளில்லையா என்று நினைத்தேன். ஷீபா என் சேலையைப் பற்றி இழுத்தார். என்னைத் தாங்குகிறார் என்று எடுத்துக்கொண்டு, நன்றியோடு மேலும் வேகமாக ஏறினேன்.

மாடத்தில் நின்று திரும்பிப் பார்த்த பிறகுதான் அவர் முகத்தைக் கண்டேன். கருவியை எடுத்து மாட்டினேன்.

"டீச்சரே, பதினேழு" என்றார். "பதினேழு அடிச்சாச்சு."

கீழே பார்த்தேன். தெரு முழுவதும் நின்றிருந்தது. தேநீர்க் கடைக்காரர் குவளையை உயர்த்தியபடி நின்றார். இரண்டு சக்கர வண்டிகள் சாலை நடுவில் கால் ஊன்றியிருந்தன. மின்கம்பத்தில் ஏணி சாத்தி ஏறியிருந்தவர் ஏணியிலேயே நின்றார். ஒரு வீட்டு வாசலில் ஒரு பெண் கம்பிக்கதவை இரண்டு கைகளாலும் பற்றியிருந்தாள். எல்லா முகங்களும் மேல்நோக்கி இருந்தன. பதினேழு வயதுப் பிள்ளை ஒன்று போய்விட்டது. பெண்ணா ஆணா என்பதற்காகக் காத்திருந்தார்கள்.

நான் செய்வதறியாது நின்றேன். செய்தவர் ஷீபா. தனக்கு உரிமை இல்லாத அந்தக் கயிற்றைப் பற்றி, வேகமாக, இரண்டிரண்டாக அடிக்கத் தொடங்கினார். முதல் இரண்டு இணைகள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டன. மூன்றாவதிலிருந்து ஒழுங்காயின. சனிக்கிழமை பகல் பதினொரு மணிக்கு எந்த ஆராதனையும் இல்லை. ஆனாலும் இது சாவுமணி இல்லை என்பது கீழே போய்ச் சேர்ந்தது. கம்பிக்கதவைப் பற்றியிருந்த பெண் கையை விட்டாள். தெரு அசைந்தது. அசைந்து, அப்படியே ஆலய வாசலை நோக்கி வந்தது.

எல்லோருக்கும் முன்னால் மேலே வந்து சேர்ந்தவர் செயலாளர் தாசய்யன். எதிர்வீட்டுக்காரர். கைலியும், ஒரு கை மட்டும் நுழைத்த சட்டையுமாக, தொண்ணூற்று மூன்று படிகளையும் நிற்காமல் ஏறியிருந்தார். வயது அறுபத்தெட்டு. துணையின்றி ஏறக்கூடாது என்ற விதியை எழுதியவரே அவர்தான் என்பது பிறகு தெரிந்தது.

"ஆரு? ஆராக்கும் மரிச்சது?"

"ஆரும் மரிக்கல்ல சாரே" என்றார் ஷீபா. "கயிறு மாறிப் போச்சு."

"பதினேழு அடிச்சுது! நான் எண்ணினேன்! ஒன்ன ஆரு கயிறத் தொடச் சொன்னா?"

"பதினேழையும் இழுத்தது நானாக்கும்" என்றேன். "கைப்பிடி என்று நினைத்துவிட்டேன். விதிப்பலகையைப் படித்த பிறகும். இவர் அடித்தது இரண்டாவது. அது என் தவறைத் திருத்துவதற்கு."

அவர் என்னைப் பார்க்கவே இல்லை. கையில் இருந்த தொலைபேசியைக் காதில் வைத்தார், எடுத்தார், மறுபடியும் வைத்தார். "எனக்க பேத்திக்குப் பதினேழு வயசாக்கும். டியூஷனுக்கு ஸ்கூட்டரில போனா. எடுக்கல்ல. மூணு வட்டம் விளிச்சாச்சு, எடுக்கல்ல."

இந்த இடத்தில் எனக்கு வெட்கமாக இருந்தது. நீளமாக எழுதுவதில் பயனில்லை.

ஷீபா நோட்டைத் திறந்தார். "எந்த டியூஷன் சாரே? ஆற்றங்கரை ரோட்டில உள்ளதா? அது இங்கேந்து காணும். நாப்பத்தி ரெண்டாம் நம்பரு. அன்னா, நீலத் தகரம் மேஞ்சது."

பறவை பார்ப்பதற்காக நான் எப்போதும் எடுத்துச் செல்லும் தொலைநோக்கி பையில் இருந்தது. கொடுத்தேன். ஷீபா தாசய்யனின் முழங்கையைப் பிடித்துத் திசை காட்டினார். "வலத்த... இன்னும் கொஞ்சம். மாமரம் நிக்குல்லா? அதுக்கு இடத்த."

அவர் வெகுநேரம் பார்த்தார்.

"நிக்கா" என்றார். பிறகு, "ஸ்கூட்டரும் நிக்கு. சிரிச்சிட்டு நிக்கா." தொலைநோக்கியை இறக்கிக் கண்களைச் சட்டையின் வெற்றுக் கையால் துடைத்துவிட்டு, மறுபடியும் பார்த்தார். குரல் மாறியது. "கிளாஸ் பன்னெண்டு வரை உண்டு எண்ணுல்லா சொன்னா? இவ என்னத்துக்கு வெளிய நிண்ணு பழம்பொரி தின்னுக்கிட்டிருக்கா?"

"மொதல்ல சமாதானமா மூச்சு விடுங்க சாரே" என்றார் ஷீபா. "பின்ன ஏசலாம்."

கீழே நாற்பது பேருக்குக் குறையாமல் கூடியிருந்தார்கள். "செக்ரட்டரியே! ஆணா பெண்ணா?" என்று ஒருவர் கத்தினார்.

தாசய்யன் மாடத்தின் கைப்பிடிச் சுவரில் குனிந்தார். "ஆரும் மரிக்கல்ல! எல்லாரும் வீட்டுக்குப் போங்கோ!"

"பின்ன நீரு என்னத்துக்கு அங்க போயி நிக்கீரு?" என்றது ஒரு பெண்குரல். "நான் மீன அடுப்பில போட்டிட்டு ஓடி வந்தேன். அது கரிஞ்சா ஆரு பதில் சொல்லுவா?"

"ஒனக்க வீடு இங்கேந்து காணும் மேரி!" தொலைநோக்கி இன்னும் அவர் கண்ணில்தான் இருந்தது. "பொக ஒண்ணும் வரல்ல. மாடியில கொப்பற காயப்போட்டிருக்கியே, அத காக்கா கொத்துது!"

"அப்ப எனக்க வீடு?" என்று கேட்டார் தேநீர்க் கடைக்காரர். அவ்வளவுதான். எல்லோரும் மேலே வரப் புறப்பட்டார்கள். கோபுரத்தின் நிழலில் பிறந்து வளர்ந்தவர்கள்; ஒருவர்கூட மணியடிக்கும் தளத்தைத் தாண்டி ஏறியதில்லை. தாசய்யனும் ஏறியதில்லை என்பதை அவர் வாயாலேயே கேட்டேன்.

எட்டுப் பேருக்கு மேல் விடமாட்டேன் என்று ஷீபா படிவாசலில் நின்றுகொண்டார். முதல் குழு வந்ததும் எண்ணிப் பார்த்தார். "ஒம்பது. சாரே, நீங்க எறங்கணும்." செயலாளர் இறங்கினார். தொலைநோக்கியை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. அதைத் திரும்பப் பெற நான் 12.20 வரை காத்திருந்தேன். அந்த நேரத்தில் நான் பார்க்க வந்த காட்சிகளைப் பார்த்தேன். வடகிழக்கில், அந்த நேரத்தில் சற்று மங்கலாக, அகத்தியர் மலை. அதன் அடிவாரத்தில் அம்பூரி, வெள்ளறடைப் பக்கத்து ரப்பர்த் தோட்டங்கள், ஜனவரி என்பதால் இலை சிவந்து உதிர்ந்துகொண்டிருந்தன. நடுவே நெய்யாறு. மேற்கில் தென்னைகளுக்கு அப்பால் கடல் ஒரு கோடாகத் தெரிகிறது. கோட்டுகால் திசையில் விழிஞ்ஞம் துறைமுகத்துப் பாரந்தூக்கிகள் நிற்கின்றன. நான் படித்த பயணநூல்கள் பலவற்றில் வருணிக்கப்பட்ட காட்சிகளுக்கு இது எவ்விதத்திலும் குறைந்ததன்று. தம்பி மகனுக்குப் படம் அனுப்பினேன்.

இறங்கும்போது பார்வையாளர் பதிவேட்டில், மணியை அடித்தவள் நான் என்றும், பணியாளர் அதை உடனே சரிசெய்தார் என்றும் எழுதி, முகவரியும் தொலைபேசி எண்ணும் கொடுத்துக் கையெழுத்திட்டேன். குழு என்னை விசாரிக்க விரும்பினால் வருகிறேன் என்றும் சேர்த்தேன்.

விசாரிக்கவில்லை. ஞாயிறு பிற்பகல் ஒன்றரைக்கு ஷீபா அழைத்தார். கூட்டத்தின் முதல் நாற்பது நிமிடங்கள் யார் வீட்டு மாடியில் யார் என்ன கண்டார் என்பதிலேயே கழிந்தனவாம். கோபுரத்தை அடைக்க வேண்டும் என்று எழுந்த ஒரே பெரியவரைப் பார்த்து, "நீரு ஏறிப் பாத்தீரா?" என்று கேட்டவர் தாசய்யன். நார்க்கயிற்றைச் சுற்றி மரப்பெட்டி அடிப்பது, மரப்படிகளுக்கு இருபுறமும் இரும்புப்பிடி வைப்பது, கோபுரத்தைத் தொடர்ந்து திறப்பது என்று முடிவானது. அதன் பிறகு, பொதுவாகக் கூட்டங்களில் வாய் திறக்காத கப்பியார் எழுந்து, நேற்று இரண்டாவது அடித்தது யார் என்று கேட்டிருக்கிறார்.

"நான் பயந்து எழுந்து நின்னேன் டீச்சரே. ஏசப்போறாரு எண்ணு நெனச்சேன். 'எனக்குத் தோளு வேதனையாக்கும். ஞாயிறாழ்ச்ச மொதல் மணிய இவ அடிக்கட்டு' எண்ணாரு."

"குழு ஒப்புக்கொண்டதா?"

"மூணு மாசத்துக்கு. பரீட்சைக்கு."

மூன்று மாதச் சோதனை இல்லாமல் அந்தச் சபையில் எதுவும் நடக்காது போலும்.

போக விரும்புவோருக்கு: சனிக்கிழமை காலை ஒன்பது முதல் மாலை நான்கு வரை திறந்திருக்கும். பத்து மணிக்கு முன் ஏறுங்கள். அதற்குமேல் மலைகள் மங்கிவிடும். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை உகந்த காலம். ரப்பர் அடி வைத்த காலணி அணியுங்கள். தண்ணீர் எடுத்துச் செல்லுங்கள், மேலே கிடையாது. அறுபத்தைந்து கடந்தவர்கள் துணையோடு போங்கள், இல்லையெனில் ஷீபா வருவார். காதுக்கருவியை எக்காரணம் கொண்டும் கழற்றாதீர்கள். பாறசாலையிலிருந்து போய்வர எனக்கு ஆன மொத்தச் செலவு, நுழைவுச்சீட்டும் ஒரு தேநீரும் சேர்த்து, நூற்று இருபத்தெட்டு ரூபாய்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, முதல் பேருந்தில் மறுபடியும் போனேன். ஆலயத்துக்குள் செல்லவில்லை, அந்தத் தேநீர்க் கடையில் நின்றேன். ஏழரைக்கு மணி தொடங்கியது. வேகமாக, இரண்டிரண்டாக. தொடக்கத்தில் ஓரிரண்டு இணைகள் தடுமாறின, பிறகு சீராக அடித்தன. தேநீர்க் கடைக்காரர் ஆற்றிக்கொண்டிருந்த தேநீரைத் தொடர்ந்து ஆற்றினார். வண்டிகள் போய்க்கொண்டிருந்தன. வெள்ளைச் சேலை உடுத்த இரண்டு பெண்கள் நேரமாகிவிட்டது என்று பேசியபடி நடையை விரைவுபடுத்தினார்கள். தெருவில் ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை, ஒருவரும் எண்ணவில்லை.